மேடையும் கூலியும்: அரியானா ஹஃபிங்டனின் வாழ்வும் ஊடகப் பணியும் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகைக்குத் தமிழ்க் கல்வியில் தனியிடம் உண்டு. தொடக்கப்பள்ளிப் பாடநூல் முதல் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் வரை சான்றோர், சாதனையாளர் ஆகியோரின் வரலாறுகள் பயிற்றுவிக்கப்பட்டு வருகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஒரே அமைப்பினைக் கொண்டவை. இளமைத் துன்பம், விடாமுயற்சி, வெற்றி என்னும் மூன்று படிகளில் ஏறி அவை முடிந்துவிடுகின்றன. அண்மைக் காலத்தில் பெண் தொழில்முனைவோரின் வரலாறுகளும் இவ்வரிசையில் சேர்க்கப்பட்டுள்ளமை வரவேற்கத்தக்கதே. எனினும் எழுதும் முறை மாறவில்லை. ஆண் இருந்த இடத்தில் பெண் வந்து நிற்கிறார், படிகள் அவையே.

இவ்வகை எழுத்துக்கு ஏற்ற எடுத்துக்காட்டாகப் பலரும் முன்வைப்பது அரியானா ஹஃபிங்டனின் வாழ்க்கையாகும். கிரேக்க நாட்டில் பிறந்து, இங்கிலாந்தில் கல்வி பயின்று, அமெரிக்காவில் குடியேறி, 2005ஆம் ஆண்டில் 'தி ஹஃபிங்டன் போஸ்ட்' என்னும் இணைய நாளேட்டினைத் தோற்றுவித்தவர் அவர். ஆறாண்டுகள் நிறைவடைவதற்கு முன்னரே அந்நிறுவனம் 315 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விற்பனையானது. புலம்பெயர்ந்த பெண் ஒருவரின் வெற்றிக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றலாம்.

ஆயினும் இவ்வாழ்க்கையை விளங்கிக்கொள்ள உதவும் திறவுகோல் 'வெற்றி' அன்று. 'மேடை' என்பதே என இக்கட்டுரை கருதுகிறது. அயலவர் ஒருவருக்குப் பேச இடம் கிடைப்பதே பெரும்பேறு என்பதனை ஹஃபிங்டன் தம் வாழ்க்கையிலேயே கற்றார். அப்பாடத்தையே பின்னர்த் தம் தொழிலின் முதலீடாகவும் மாற்றினார். அவருடைய புதுமையும் அவர் காணத் தவறியதும் இவ்வொரு பாடத்திலிருந்தே பிறந்தவை என்பதனை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

அயலவரும் பேச்சும்

அரியானா ஹஃபிங்டன் 1950ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் ஏதென்சு நகரில் பிறந்தார். இயற்பெயர் அரியாத்னி-அன்னா ஸ்தாசினோபுலு. தந்தையார் இதழியலாளர். பெற்றோர் பிரிந்தபின் தாயார் எல்லியின் அரவணைப்பில் தங்கை அகாப்பியுடன் வளர்ந்தார். இதழ் ஒன்றில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் படத்தைக் கண்டு, அங்கே பயில வேண்டும் என்று விரும்பியதாகவும், எல்லாரும் அதனை இயலாத ஒன்றாகக் கருதியபோது தாயார் மட்டும் அவ்விருப்பத்திற்குத் துணைநின்றதாகவும் அவர் பலமுறை எழுதியுள்ளார். பதினேழாம் வயதில் இரவீந்திரநாத் தாகூர் நிறுவிய விசுவபாரதியில் சமய ஒப்பியல் பயின்றதனையும் அவர் குறிப்பிடுவதுண்டு. இந்தியவியல் துறையினருக்கு இச்செய்தி ஆர்வமூட்டக்கூடியது.

கேம்பிரிட்ஜின் கெர்ட்டன் கல்லூரியில் பொருளியல் பயின்ற காலமே அவருடைய வாழ்வின் திருப்புமுனையாகும். 1815ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கேம்பிரிட்ஜ் யூனியன் என்னும் சொற்போர் மன்றத்தில் பெண்கள் உறுப்பினராவதற்கு 1960களில்தான் வழி பிறந்தது. அம்மன்றத்தின் தலைவராக 1971இல் ஹஃபிங்டன் தேர்வுபெற்றார். அப்பொறுப்பை ஏற்ற மூன்றாவது பெண் அவர். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி அன்று. கிரேக்க ஒலிப்பு அவருடைய பேச்சில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. உச்சரிப்பைக் கொண்டே ஒருவரின் குலமும் கல்வியும் அளக்கப்படும் இங்கிலாந்துச் சூழலில் இதன் பொருள் பெரிது.

இங்கு ஒரு கூறு உற்றுநோக்கத்தக்கது. அயல்மொழி பேசும் ஒருவர் அவையில் நுழைவதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, தம் ஒலிப்பை மறைத்து அவையோரைப்போல் ஆகிவிடுவது. மற்றொன்று, அவ்வொலிப்பையே தம் அடையாளமாக்கிக்கொள்வது. ஹஃபிங்டன் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். அவருடைய விவாதம் ஒன்றினைத் தொலைக்காட்சியில் கண்ட பதிப்பாளர் ஒருவரே முதல் நூலை எழுதத் தூண்டினார் என்று அவர் கூறியுள்ளார். பேச்சு நூலாயிற்று, நூல் வருவாயாயிற்று. மேடை கிடைத்தால் மற்றவை தாமே தொடரும் என்னும் நம்பிக்கை இங்கே வேரூன்றியது எனலாம்.

எழுத்தாளர் ஹஃபிங்டன்

அம்முதல் நூல் 'தி ஃபீமேல் வுமன்' 1973இல் வெளிவந்தது. ஜெர்மேன் கிரீயர் 1970இல் வெளியிட்ட 'தி ஃபீமேல் யூனக்' என்னும் பெண்ணிய நூலுக்கு மறுப்பாக அமைந்தது அது. பெண்ணின் சம உரிமையை ஏற்றுக்கொண்டபோதும் இல்லறத்தையும் தாய்மையையும் இழிவாகக் கருதும் போக்கினை அது எதிர்த்தது. இந்நூலின் வாதங்கள் பல இன்று வலுவிழந்துவிட்டன. ஆயினும் பெருகிவரும் ஓர் இயக்கத்தின் முதன்மை நூலை இருபத்து மூன்று வயதில் எதிர்கொண்டு எழுதிய துணிவு மறுக்கற்பாலதன்று.

அடுத்து எழுதிய நூலை முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தன என்பதனை அவரே தம் உரைகளில் சொல்லிவருகிறார். அது 1978இல் 'ஆஃப்டர் ரீசன்' என்னும் தலைப்பில் வெளிவந்தது. 1980இல் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தபின், இசைப் பாடகி மரியா காலாசின் வரலாறும் 1988இல் ஓவியர் பிக்காசோவின் வரலாறும் அவருக்குப் பெயர் தேடித் தந்தன. காலாசு நூல் தொடர்பில் பிறர் எழுத்தைக் கையாண்டார் என்னும் குற்றச்சாட்டும் எழுந்து, 1981இல் நீதிமன்றத்திற்கு வெளியே தீர்த்துக்கொள்ளப்பட்டது. அவரைப் புகழ்ந்து எழுதுவோர் இதனை விட்டுவிடுவர். இகழ்வோர் இதனோடு நின்றுவிடுவர். எழுத்து யாருடைய உடைமை, அதன் பயன் யாரைச் சேர வேண்டும் என்னும் வினா அவருடைய வாழ்வில் முதன்முதலாக எழுந்த இடம் இது என்பதனாலேயே இங்குச் சுட்டப்படுகிறது. அவ்வினா முப்பது ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் திரும்பி வந்தது.

1986இல் மைக்கேல் ஹஃபிங்டனை மணந்தார். கணவர் 1992இல் குடியரசுக் கட்சியின் சார்பில் கலிபோர்னியாவிலிருந்து காங்கிரசு உறுப்பினரானார். 1994இல் செனட் தேர்தலில் டயான் ஃபைன்ஸ்டைனிடம் குறைந்த வேறுபாட்டில் தோற்றார். 1997இல் மணமுறிவு ஏற்பட்டது. பழமைவாதக் கருத்துரையாளராக அறியப்பட்டிருந்த அரியானா, அப்பத்தாண்டின் இறுதியில் முற்போக்கு அணியை நோக்கி நகர்ந்தார். 2003இல் கலிபோர்னிய ஆளுநர் பதவிக்கு நடந்த தேர்தலில் சுயேச்சையாக நின்று, வாக்களிப்புக்கு ஒரு வாரத்திற்கு முன் விலகினார்.

திறனாய்வாளரின் இரட்டை அளவுகோல்

இவ்வளவு மாற்றங்களைக் கொண்ட வாழ்க்கை கடுமையான கண்டனங்களை ஈர்த்ததில் வியப்பில்லை. கொள்கையின்றி அணி மாறியவர் என்பது ஒரு குற்றச்சாட்டு. இது கருத்துநிலை பற்றியது, ஆகையால் விவாதத்திற்குரியது. ஆனால் அவரைப் பற்றிய எழுத்துகளில் மிகுதியும் காணப்படுவது வேறொன்று. செல்வரை மணந்தவர், விருந்துகளால் உயர்ந்தவர், நட்பைப் படிக்கட்டாக்கியவர் என்னும் தொனியே அது.

இத்தொனியினை நாம் ஐயத்துடன் அணுக வேண்டும். செய்தித்தாள் உரிமையாளராகிய ஆண்கள் தங்கள் மன்றங்களிலும் கழகங்களிலும் வளர்த்துக்கொண்ட நட்பு 'செல்வாக்கு' எனப்படுகிறது. பெண் ஒருத்தி தன் இல்லத்து விருந்தில் வளர்த்த அதே நட்பு 'ஏறிச் செல்லும் ஆசை' எனப்படுகிறது. மேலும், பரம்பரைச் சொத்தோ குடும்பச் செய்தித்தாளோ இல்லாத அயலவர் ஒருவருக்கு அறிமுகங்களே மூலதனம். தோட்டப்புறத்திலிருந்து நகரத்திற்கு வந்து முன்னேறிய நம்மவர் வரலாறும் இதனை உணர்த்தும். எனவே நட்பு வட்டத்தைத் தொழிலாக்கினார் என்பது குறையாகாது. அத்தொழிலில் பங்கேற்றோர் என்ன பெற்றனர் என்பதே கேட்கத்தக்க வினா.

2005: மேடையின் தோற்றம்

'தி ஹஃபிங்டன் போஸ்ட்' 2005ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் தொடங்கப்பெற்றது. கென்னத் லெரர், ஜோனா பெரெட்டி, ஆண்ட்ரு பிரைட்பார்ட் ஆகியோர் உடன் உழைத்தனர். மூன்று உறுப்புகள் அதற்கு இருந்தன. முதலாவது, பிற ஏடுகளின் செய்திகளைத் திரட்டிச் சுருக்கித் தருதல். இரண்டாவது, தேடுபொறிகளில் எளிதில் அகப்படும்வண்ணம் தலைப்புகளை அமைத்தல். மூன்றாவது, வலைப்பதிவர்களின் எழுத்து. முதல் இரண்டும் தொழில்நுட்பம் அறிந்தோரின் பங்களிப்பு. மூன்றாவதே ஹஃபிங்டனின் தனி முத்திரை.

வரலாற்றறிஞர் ஆர்தர் ஷ்லெசிங்கர், திரை எழுத்தாளர் நோரா எஃப்ரான், நகைச்சுவைக் கலைஞர் லேரி டேவிட் முதலியோரைத் தம் நட்பின் வழியே எழுத அழைத்தார். அவர்களுக்கு ஊதியம் இல்லை. அவர்கள் அதனை எதிர்பார்க்கவும் இல்லை. ஏனெனில் வேறிடங்களில் அவர்கள் போதிய வருவாய் பெற்றவர்கள். புகழ்பெற்றோரின் வலைப்பதிவால் தளத்திற்கு மதிப்பு ஏறியது. அம்மதிப்பில் பங்குபெற விரும்பி, அறியப்படாத எழுத்தாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். புகழ்பெற்றோருக்கு வகுக்கப்பட்ட அதே விதி இவர்களுக்கும் பொருந்தியது: எழுதலாம், ஊதியம் இல்லை.

ஹஃபிங்டனின் கண்டுபிடிப்பு இங்கேதான் உள்ளது. கூலிக்கு மாற்றாக நுழைவினை வழங்கலாம் என்பதே அது. அவருக்குப் பேச்சு நூலாகவும் நூல் வருவாயாகவும் மாறியதுபோல், மற்றவர்க்கும் மாறும் என்னும் எண்ணம் இதன் அடியில் உள்ளது. இதனை வஞ்சகம் என்று கூறிவிட முடியாது. தம் வாழ்க்கை காட்டிய உண்மையை அவர் பொதுவிதியாக்கினார். ஆனால் தனியொருவரின் வாழ்வில் உண்மையானது அனைவர்க்கும் பொதுவிதி ஆவதில்லை. கேம்பிரிட்ஜ் மேடையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேசினார், அவையினர் கேட்டனர். இணைய மேடையில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசினர். அங்கே எவருடைய குரலும் முன்போல் அரிய பொருளாக இல்லை. அனைவரின் குரலையும் தாங்கிய மேடை மட்டுமே விலையேறியது.

விற்பனையும் வழக்கும்

2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நிறுவனத்தை 315 மில்லியன் டாலருக்கு வாங்குவதாக ஏ.ஓ.எல். அறிவித்தது. அதுவரை மறைந்திருந்த முரண் அன்று வெளிப்பட்டது. ஊதியமின்றி எழுதிய எழுத்துக்கு விலை உண்டு என்பதனைச் சந்தை தன் வாயாலேயே சொல்லிவிட்டது. சிலர் எழுத மறுத்தனர். அமெரிக்கச் செய்தித்தாள் ஊழியர் சங்கமும் இப்புறக்கணிப்பில் சேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஜோனதன் டாசினி என்பவர் சுமார் 9,000 வலைப்பதிவர்களின் சார்பில் 105 மில்லியன் டாலர் கோரி வழக்குத் தொடுத்தார். அவர் இத்துறைக்குப் புதியவர் அல்லர். பகுதிநேர எழுத்தாளரின் கட்டுரைகளை அவர்தம் இசைவின்றி மின்தரவுத்தளங்களில் சேர்த்தமைக்கு எதிராக அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்று 2001இல் வென்றவர்.

இம்முறை அவர் வெல்லவில்லை. 2012 மார்ச்சு மாதத்தில் நியூயார்க் கூட்டரசு நீதிமன்றம் வழக்கினைத் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டு இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது. ஊதியம் இல்லை என்பது எழுதுவோர்க்கு முன்னரே தெரியும், தெரிந்தே எழுதினர், ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்ற இயலாது என்பதே தீர்ப்பின் சாரம். வலைப்பதிவர் வேறு, ஊதியம் பெறும் செய்தியாளர் வேறு. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஊதியமின்றிச் செல்வோரைப்போல், தம் கருத்தைப் பரப்பவே பதிவர்கள் வருகின்றனர் என்பது ஹஃபிங்டனின் விடை.

இவ்விடை முழுவதும் தவறன்று. அந்நிறுவனம் ஊதியம் பெறும் செய்தியாளர் குழுவினையும் வளர்த்தது. போரில் கடுங்காயமுற்ற அமெரிக்க வீரர்களின் வாழ்வு குறித்து டேவிட் வுட் எழுதிய தொடர், 2012இல் நாட்டுச் செய்திப் பிரிவில் புலிட்சர் பரிசு பெற்றது. ஆனால் இப்பரிசே ஒரு நுட்பமான உண்மையைக் காட்டுகிறது. நீண்ட நாள் அலைந்து, பலரைச் சந்தித்து எழுதப்பட வேண்டிய எழுத்து ஊதியத்தினாலேயே இயன்றது. நுழைவுரிமை கருத்துரையை விளைவிக்கும், புலனாய்வை விளைவிக்காது.

சட்டம் ஒப்பந்தத்தை மட்டுமே பார்க்கும். திறனாய்வு அதனினும் சற்று அப்பால் செல்ல வேண்டும். ஊதியமின்றி எழுத யாரால் இயலும் என்பதே அப்பால் உள்ள வினா. வேறிடத்தில் ஊதியம் பெறுவோரால் இயலும்; எழுத்தையே தொழிலாக நம்பியவரால் இயலாது. எனவே அனைவருக்கும் திறந்த மேடை என்று காணப்படுவது, உண்மையில் வசதியுள்ளோரை மெல்லத் தெரிந்தெடுக்கும் மேடையாகிவிடுகிறது. புலம்பெயர்ந்தோர், ஏழைகள், குழந்தை வளர்க்கும் தாய்மார் ஆகியோரின் குரலே அங்கு முதலில் தேயும். அயலவர் ஒருவர் கட்டிய மேடைக்கு இது பெருங்குறை.

ஈகையும் குறியெதிர்ப்பையும்

2007 ஏப்ரலில் ஹஃபிங்டன் மிகு களைப்பால் மயங்கி விழுந்து கன்ன எலும்பு முறிந்தது. இந்நிகழ்வே 2014இல் வெளிவந்த 'த்ரைவ்' என்னும் நூலின் தோற்றுவாய். பணம், அதிகாரம் ஆகிய இரண்டால் மட்டும் வெற்றியை அளத்தல் தகாது. மூன்றாவது அளவுகோல் வேண்டும் என்பது இந்நூலின் கருத்து. நலம், மெய்யறிவு, வியப்பு, கொடை ஆகிய நான்கும் அவ்வளவுகோலின் தூண்களாகும். 2016இல் உறக்கத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஹஃபிங்டன் போஸ்டைவிட்டு விலகி, 'த்ரைவ் குளோபல்' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

தூக்கமின்மையைப் பெருமையாகப் பேசிய தொழிலுலகில், உறக்கத்தின் தேவையைத் துணிந்து பேசியமை பாராட்டத்தக்கது. ஆயினும் இந்நூலில் ஓர் இடைவெளி உள்ளது. களைப்பு இங்கே தனிமனிதப் பழக்கத்தின் விளைவாகவே காணப்படுகிறது. கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கலாம், தியானம் செய்யலாம். இரண்டு வேலை பார்த்துக்கொண்டு மூன்றாவதாக ஊதியமின்றி எழுதுபவரின் களைப்புக்கு இவை மருந்தாகா. அவருக்கு வேண்டியது கூலி.

நான்காம் தூணாகிய கொடையும் சிந்தனைக்குரியது. வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே ஈகையையும் குறியெதிர்ப்பையையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். திரும்பப் பெறும் அளவினைக் குறித்துக்கொண்டு தருவது ஈகையாகாது. பதிவர்களின் எழுத்து இவ்விரண்டில் எது? வறியவர்க்கு வழங்கப்படவில்லை, ஆகவே ஈகை அன்று. அளவு குறித்துத் திரும்பப் பெறப்படவுமில்லை. ஆகவே குறியெதிர்ப்பையும் அன்று. இரண்டுக்கும் இடையில் பெயரில்லாத ஓர் இடத்தில் அவ்வுழைப்பு நின்றது. பெயரில்லாத உழைப்பைக் கணக்கில் கொள்ளாதிருத்தல் எளிது.

ஹஃபிங்டன் விலகியபின் நடந்தவை இதனை உறுதிசெய்கின்றன. 2018 ஜனவரியில் அந்நிறுவனம் தன் அமெரிக்கப் பதிப்பில் ஊதியமற்ற பதிவர் முறையைக் கைவிட்டது. எல்லாரும் பேசும் இணையத்தில் தேர்ந்தெடுத்த எழுத்துக்கே மதிப்பு என்பது அப்போது உணரப்பட்டது. 2021 பிப்ரவரியில் நிறுவனம் பஸ்ஃபீடின் கைக்கு மாறியது. பஸ்ஃபீடை உருவாக்கியவர் முன்னர் ஹஃபிங்டன் போஸ்டில் உடன் உழைத்த அதே ஜோனா பெரெட்டி. 2014இல் தொடங்கப்பெற்ற இந்தியப் பதிப்பு, இக்கைமாற்றத்தையொட்டி 2020 நவம்பரில் மூடப்பட்டது. எழுதியவர் எவருக்கும் மேடையின்மீது உரிமை இருக்கவில்லை.

நம் சூழலுக்கான பொருள்

இவ்வினா நமக்கு அயலானதன்று. மலேசியத் தமிழ் எழுத்து பெரும்பாலும் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளை மேடையாகக் கொண்டு வளர்ந்தது. எழுதியோருள் ஆசிரியர்கள் மிகப் பலர். அவர்கள் பெற்றது பெரும்பாலும் அச்சில் தம் பெயரைக் காணும் மகிழ்ச்சியே. எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, எழுத வந்தோரின் கதைகளை மதிப்பிட்டுக் குறைநிறைகளைச் சுட்டி வழிகாட்டியது. பணம் தரவில்லையாயினும் பயிற்சி தந்தது. அங்கே மேடை, எழுதுவோர்க்குத் தன் கடமை உண்டென அறிந்திருந்தது. ஹஃபிங்டன் போஸ்டின் மேடை, இடம் தந்ததோடு தன் கடமை முடிந்ததாகக் கருதியது.

இத்தகைய ஆய்விதழ்களில் எழுதும் நாமும் சன்மானம் பெறுவதில்லை. ஆனால் நம் ஊதியத்தைப் பல்கலைக்கழகமோ பள்ளியோ தருகிறது. அவ்வூதியம் இல்லாத இளம் ஆய்வாளரிடமும் பகுதிநேர ஆசிரியரிடமும் 'எழுதுங்கள், பெயர் கிடைக்கும்' என்று நாம் கூறும்போது, ஹஃபிங்டனின் வாதத்தையே நாமும் வழிமொழிகிறோம். நிதியில்லாத இதழ் பணம் தர இயலாது என்பது உண்மையே. திருத்தம், வழிகாட்டல், எழுத்தின்மீது எழுதியவருக்குள்ள உரிமை ஆகியவற்றைத் தருவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை.

முடிவுரை

அரியானா ஹஃபிங்டனின் வாழ்க்கை பயிலத்தக்க வாழ்க்கையே. அயலொலிப்போடு அவையேறி, ஆண்களின் உடைமையாக இருந்த ஊடகத்துறையில் தம் பெயரையே நிறுவனத்தின் பெயராக்கிய பெண் அவர். இணையம் இதழியலை மாற்றும் என்பதனைப் பெரிய செய்தித்தாள்கள் உணரத் தயங்கிய காலத்தில் அவர் உணர்ந்தார். இச்சிறப்புகளை மணவாழ்வையும் விருந்தையும் காட்டிக் குறைத்தல் நேர்மையாகாது. அதுபோலவே, இச்சிறப்புகளைக் காட்டி ஊதியம் பெறாத ஆயிரக்கணக்கானோரை மறைத்தலும் நேர்மையாகாது.

ஆசிரியர்கள் இத்தகைய வரலாறுகளை வகுப்பறையில் கையாளும்போது 'இவர் எவ்வாறு வென்றார்?' என்னும் வினாவோடு நில்லாமல், 'இவர் ஏறிய மேடையை யார் தந்தனர்? இவர் கட்டிய மேடையை யார் தாங்கினர்?' என்னும் வினாக்களையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். ஹஃபிங்டனைப் பொறுத்தவரை முதல் வினாவுக்கு விடை ஏதென்சில் மகளின் விருப்பத்தை நம்பிய ஒரு தாய். இரண்டாவதற்கு விடை, தலைவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படாத வலைப்பதிவர்கள். இவ்விரு விடைகளும் இடம்பெறும்போதே வாழ்க்கை வரலாறு புகழ்மாலை என்னும் நிலையிலிருந்து கல்வி என்னும் நிலைக்கு உயரும்.